ஹோரஸ் முதல் மித்ராஸ் வரை: இயேசுவோடு ஒப்பிடும் கூற்றுகளைச் சரிபார்க்கும் முறை

"ஹோரஸ் டிசம்பர் 25 அன்று கன்னியிடம் பிறந்தார், 12 சீடர்கள் இருந்தார்கள், சிலுவையில் அறையப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார். இயேசு கதை அதன் நகல்." எகிப்தியத் தெய்வமான ஹோரஸைப் பற்றி இப்படி ஒரு பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். பெயரை மட்டும் மாற்றி ரோமப் பேரரசில் வழிபட்ட மித்ராஸ், சின்ன ஆசியாவின் ஆட்டிஸ், கிரேக்கரின் திராட்சரசத் தெய்வம் டயோனிசஸ், கிருஷ்ணர் எல்லாருக்கும் அதே பட்டியலை ஒட்டியிருப்பார்கள். சந்தேகம் அங்கேயே தொடங்க வேண்டும். வெவ்வேறு மண்ணில், ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியில் வளர்ந்த கதைகள் இவ்வளவு அச்சாக ஒத்துப்போகாது. யாரோ உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் "எல்லாம் கட்டுக்கதை, ஒப்புமை என்று ஒன்றுமே கிடையாது" என்பவர்களும் ஆராயாமல்தான் பேசுகிறார்கள். கனமான ஒப்புமைகள் உண்டு. போலிகள் மேலே குவிந்து கிடப்பதால்தான் அவை கண்ணில் படுவதில்லை. இரண்டையும் பிரிக்கும் வேலையைக் கீழே படிப்படியாகப் பார்ப்போம்.

பட்டியலை உடைத்தல்

ஒரு தாளில் ஆறு கட்டங்கள் போடுங்கள். கூற்று, தெய்வத்தின் கதை வரும் மூலம், அந்த மூலத்தின் காலம், அங்கே உண்மையில் இருக்கும் வாசகம், கிறிஸ்தவ நூலில் அது வரும் இடமும் காலமும், முடிவு. ஒரு வரிக்கு ஒரே ஒரு கூற்று. மேலே உள்ள ஹோரஸ் வாக்கியத்தில் ஐந்து கூற்றுகள் இருக்கின்றன: தேதி, கன்னிப் பிறப்பு, 12 சீடர்கள், சிலுவை, மூன்றாம் நாள். அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்றில் இருக்கும் கொஞ்சம் உண்மையின் தோளில் ஏறி மற்ற நான்கும் வந்துவிடும்.

இரண்டாம் கட்டத்தில் "எகிப்தியப் புராணம்" என்று எழுதினால் செல்லாது. "புளூட்டார்க், ஐசிஸ்–ஒசைரிஸ் பற்றிய நூல், 12ஆம் பகுதி" என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டும். மூலத்தைத் தேடிக்கொண்டே பின்னால் போனால், தடம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் முட்டி நின்றுவிடும். கெர்சி கிரேவ்ஸ் 1875இல் சிலுவையில் அறையப்பட்ட 16 மீட்பர்கள் என்று ஒரு நூல் எழுதினார். ஹோரஸ் கூற்றுகளில் பெரும்பகுதி ஜெரால்டு மாஸி (1828–1907) என்பவரின் எழுத்திலிருந்து வந்தது. இவர்களை மேற்கோள் காட்டும் நூல்களும், அந்த நூல்களை மேற்கோள் காட்டும் காணொளிகளும் நூறு இருந்தாலும் சான்று ஒன்றுதான். தடம் அங்கே நின்றால் மூலக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

கிறிஸ்தவப் பக்கத்தை முதலில் பாருங்கள்

பலரும் தெய்வத்தின் பக்கத்தையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் புதிய ஏற்பாட்டைத் திறந்து பார்ப்பதுதான் குறுக்குவழி. அங்கேயே இல்லாத ஒன்றை யாரும் பழைய தெய்வத்திடமிருந்து எடுத்து அதில் வைத்திருக்க முடியாது.

டிசம்பர் 25 நான்கு நற்செய்திகளிலும் இல்லை. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, இயேசு பிறந்த நாளென்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த தேதிகளைக் குறிப்பிடுகிறார். அவற்றில் மே மாதத் தேதியும் உண்டு, டிசம்பர் 25 இல்லை. ரோமில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நாட்காட்டியில்தான் அந்தத் தேதி உறுதியாகக் கிடைக்கிறது. அதே தொகுப்பில் அந்த நாளுக்கு "வெல்லப்படாதவரின் பிறந்தநாள், 30 தேரோட்டங்கள்" என்ற குறிப்பும் இருக்கிறது; வெல்லப்படாதவர் என்பது பொதுவாகச் சூரியத் தெய்வத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. பண்டிகைத் தேதி சூரிய வழிபாட்டிலிருந்து வந்ததா, மார்ச் 25ஐக் கருவுற்ற நாளாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டிய கணக்கா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அது பண்டிகையின் வரலாறு. நற்செய்திகள் எழுதப்பட்ட விதத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தேதிக் கூற்று எந்தத் தெய்வத்தின் பெயரில் வந்தாலும் ஐந்தாம் கட்டத்தில் "இல்லை" என்று எழுதி நகருங்கள்.

"மூன்று ராஜாக்கள்" கதையும் அப்படியே. மத்தேயு 2இல் வருபவர்கள் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள். எத்தனை பேர் என்று இல்லை, அரசர்கள் என்றும் இல்லை. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் மூன்று நட்சத்திரங்களோடு அவர்களை முடிச்சுப் போடும் விளக்கம் இந்த ஒரு வரியில் முடிந்துபோகிறது. குகையில் பிறந்தார் என்பதும் நற்செய்திகளில் கிடையாது. அது 2ஆம் நூற்றாண்டு எழுத்துகளில்தான் வருகிறது.

எஞ்சுபவற்றுக்குக் காலம் எழுதுங்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் கி.பி. 53–55 வாக்கில். மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார் என்ற வாசகம் அதன் 15ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. மாற்கு ஏறத்தாழ 70. கன்னிப் பிறப்பு மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும் வருகிறது. மாற்கு பிறப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் தொடங்குகிறார். பவுல் "ஸ்திரீயினிடத்தில் பிறந்தவர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இந்த வரிசையைக் குறித்துவைப்பது முக்கியம். ஒவ்வொரு கூறும் வெவ்வேறு நேரத்தில் எழுத்தில் வருவதால், "கதை முழுவதும் ஒரே தெய்வத்திடமிருந்து வந்தது" என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காணும்.

ஹோரஸ்: மூலத்தைப் படித்தால் என்ன கிடைக்கிறது

எகிப்தில் இந்தக் கதையை முதலிலிருந்து முடிவுவரை சொல்லும் ஒற்றை நூல் இல்லை. கி.மு. 24ஆம் நூற்றாண்டில் தொடங்கும் பிரமிடு வாசகங்களிலும், பிற்காலக் கோயில் சிற்பங்களிலும், மந்திரக் கல்வெட்டுகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தொடர்ச்சியாக எழுதியவர் கிரேக்கரான புளூட்டார்க், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எகிப்தியத் துண்டு சொல்வதையும் புளூட்டார்க் சொல்வதையும் ஒரே கட்டத்தில் கலக்காதீர்கள்.

கன்னிப் பிறப்பு: ஹோரஸின் தந்தை ஒசைரிஸ், தாய் ஐசிஸ். ஒசைரிஸை அவருடைய தம்பி சேத் கொல்கிறான். புளூட்டார்க்கின்படி உடல் 14 துண்டாகிறது, ஆண்குறியை மீன்கள் தின்றுவிடுகின்றன, ஐசிஸ் அதற்கு மாற்றாக ஒன்றைச் செய்கிறாள். அபிடோசில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலில், பறவை வடிவில் ஐசிஸ் கணவனின் உடல்மேல் இறங்கிக் கருவுறுவது சிற்பமாகவே இருக்கிறது. வியப்பான கருத்தரிப்புதான், ஆனால் கணவனோடு கூடியது. நான்காம் கட்டத்தில் "இறந்த கணவனால் கருவுற்ற மனைவி" என்று எழுதுங்கள்.

லக்சோர் கோயிலின் பிறப்புச் சிற்பங்களை மரியாளுக்கு வந்த தேவதூதச் செய்திக்கு முன்னோடி என்பார்கள். அங்கே பிறக்கும் குழந்தை ஹோரஸ் அல்ல, மன்னர் மூன்றாம் அமென்ஹோடெப். அமுன் தெய்வம் கணவனின் உருவில் அரசி முதெம்வியாவிடம் வருகிறார், இருவரும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள், கூடலை வாசகம் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தக் காட்சியைத் தவிர்த்துவிட்டு முன்னும் பின்னும் உள்ளதை மட்டும் காட்டும்போதுதான் ஒப்புமை பிறக்கிறது. சிற்ப வரிசை சான்றாக வந்தால் வெட்டிய படத்தை நம்பாமல் முழு வரிசையையும் தேடிப் பாருங்கள்.

பிறந்த தேதியில் ஒரு நுணுக்கம் உண்டு. குழந்தை வடிவான ஹார்போக்ரடீஸ் குளிர்கால உச்சநாள் (பகல் மிகக் குறுகிய நாள்) வாக்கில், முதிராத குழந்தையாகப் பிறந்தார் என்று புளூட்டார்க் ஓரிடத்தில் சொல்கிறார். மூத்த ஹோரஸ் ஆண்டின் கடைசி ஐந்து நாட்களில் இரண்டாம் நாளில் பிறந்தார் என்றும் அவரே சொல்கிறார். பழைய எகிப்திய ஆண்டு 365 நாட்கள், மிகுநாள் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அது பருவங்களைவிட்டு நகர்ந்துகொண்டே போகும். ஆகவே அந்தக் காலத்துப் பிறந்தநாளை நம் டிசம்பர் தேதி ஒன்றில் ஆணியடித்து நிறுத்தவே முடியாது.

12 சீடர்கள், நீரின் மேல் நடத்தல், "அனுப்" என்பவர் கொடுத்த ஞானஸ்நானம், சிலுவை ஆகியவற்றுக்கு எகிப்திய வாசகம் எதையும் யாரும் காட்டியதில்லை. இயேசு உயிரோடு எழுப்பியதாக யோவான் சொல்லும் லாசருவின் பெயரை ஒசைரிஸிலிருந்து பிரித்தெடுக்கும் விளையாட்டும் வேண்டாம். அது எலெயாசார் என்ற எபிரேயப் பெயரின் கிரேக்க வடிவம். "தேவன் உதவினார்" என்று பொருள். ஆனால் மெட்டர்னிக் கல்வெட்டில் (கி.மு. 4ஆம் நூற்றாண்டு) குழந்தை ஹோரஸ் தேள் நஞ்சால் சாய்ந்து, தோத் தெய்வத்தின் மந்திரத்தால் பிழைக்கிறார். கி.மு. 1ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ், இறந்துகிடந்த ஹோரஸை ஐசிஸ் மருந்தால் எழுப்பினாள் என்கிறார். ஆக "ஹோரஸ் உயிர் பெற்றார்" என்பதற்கு மூலம் இருக்கிறது. "மூன்றாம் நாள்" என்பதற்கும் "சிலுவை" என்பதற்கும் இல்லை. கூற்றை உடைக்காமல் விட்டிருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

மித்ராஸ்: காலத்தில் வழுக்கும் இடம்

இங்கே ஒரே பெயரில் மூவர் இருக்கிறார்கள். ரிக் வேதத்தின் மித்திரன், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சிரியாவின் வடக்கே இருந்த மித்தன்னி அரசின் உடன்படிக்கையிலும் அந்தப் பெயர் வருகிறது. ஈரானின் பழைய மறைநூலான அவெஸ்தாவில் வரும் மித்ரா. ரோமப் படைவீரர்களும் வணிகர்களும் நிலவறைக் கோயில்களில் வழிபட்ட மித்ராஸ். பட்டியல் போடுபவர்கள் முதலாமவரின் பழமையையும் மூன்றாமவரின் சடங்கையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். ரோம மித்ராஸுக்கான கோயில்களும் கல்வெட்டுகளும் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான் கிடைக்கின்றன. கி.மு. 67இல் ஒடுக்கப்பட்ட சிலிசியக் கடற்கொள்ளையர் மித்ராஸ் சடங்கு செய்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு. எனவே காலக் கட்டத்தை இரண்டாகப் பிரித்து, எழுதப்பட்ட காலத்தையும் நடந்ததாகச் சொல்லும் காலத்தையும் தனித்தனியே குறியுங்கள்.

மித்ராஸ் கன்னியிடம் பிறக்கவில்லை. கையில் கத்தியும் தீவட்டியுமாக, வளர்ந்த உடலோடு பாறையிலிருந்து வெளிப்படுகிறார். அப்படியே ஏராளமான சிற்பங்கள் இருக்கின்றன. "12 சீடர்கள்" எங்கிருந்து வந்தார்கள் என்றால், அவர் காளையைக் கொல்லும் காட்சியைச் சுற்றி 12 ராசிகள் செதுக்கப்பட்டிருக்கும். லண்டன் வால்புரூக் பகுதியில் கிடைத்த சிற்பம் நல்ல எடுத்துக்காட்டு. அவர் இறந்ததாக ஒரு சிற்பமோ வாசகமோ கிடையாது, சாவது காளை. ரோமின் சாந்தா பிரிஸ்கா தேவாலயத்தின் அடியில் உள்ள மித்ராஸ் கோயிலில் "இரத்தம் சிந்தி எங்களைக் காத்தீர்" என்று படிக்கப்படும் சுவர் எழுத்து அடிக்கடி சான்றாக வரும். எழுத்து மிகவும் சிதைந்தது, வாசிப்பே சர்ச்சைக்குரியது, காலம் ஏறத்தாழ கி.பி. 200. இதைப் பயன்படுத்துவதானால் மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அப்பமும் கிண்ணமும் மட்டும் உண்மையான ஒப்புமை. ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 155 வாக்கில், மித்ராஸ் சடங்கிலும் அப்பமும் நீர்க் கிண்ணமும் வைத்து வாசகம் சொல்கிறார்கள், அது பேய்களின் போலிச் செயல் என்று குற்றம் சாட்டுகிறார். ஒற்றுமை அந்தக் காலத்தவர் கண்ணுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் இயேசு அப்பமும் கிண்ணமும் கொடுத்த இராப்போஜனத்தைப் பற்றிப் பவுல் எழுதியது இதற்கு நூறு ஆண்டு முன்பு. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்று தீர்மானிக்க ஜஸ்டினின் வரி போதாது.

சொற்கள் செய்யும் மயக்கம்

"உயிர்த்தெழுந்தார்" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வேறு நிகழ்வுகளைத் திணிப்பதே பெரும்பாலான பிழைகளுக்கு வேர். நான்காம் கட்டத்தில் அந்தச் சொல்லை எழுதாமல், நடந்ததை எழுதுங்கள்.

ஒசைரிஸ் உயிர் பெறுகிறார், ஆனால் இந்த உலகுக்குத் திரும்புவதில்லை, மறுவுலகின் அரசராகிறார். ஆட்டிஸ் தன்னைத் தானே காயடித்துக்கொண்டு சாகிறார். உடல் அழுகாது என்ற வரம்தான் கிடைக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஆர்னோபியஸின்படி முடி வளரும், சுண்டுவிரல் அசையும், அவ்வளவுதான். (ஆட்டிஸின் தாய் ஒரு மரத்தின் கனியை மடியில் வைத்துக்கொண்டதாலேயே கருவுற்றாள் என்பது கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸின் நூலிலும் வருகிறது. ஆண் துணையில்லாக் கருத்தரிப்பு என்று கேட்டால், பட்டியலில் உள்ள தெய்வங்களில் இதுதான் நெருக்கமானது.) கிரேக்கர் வழிபட்ட அடோனிஸ் ஆண்டுதோறும் பாதாளத்துக்கும் இங்குமாக வந்துபோகிறார்; கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தியோக்ரிட்டஸ் பாடலில் அலெக்சாந்திரியப் பெண்கள் அவரை அடுத்த ஆண்டும் வரச் சொல்லி வழியனுப்புகிறார்கள். சுமேரியத் துமுசி, அதாவது எசேக்கியேல் 8:14இல் பெண்கள் அழுதுகொண்டிருக்கும் தம்மூஸ், ஆண்டில் பாதி பாதாளத்தில் இருப்பார்; மீதிப் பாதிக்கு அவருடைய சகோதரி அங்கே போவாள்.

இவற்றை ஒரே குடும்பமாகச் சேர்க்கலாமா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஜேம்ஸ் பிரேசர் 1890இலிருந்து எழுதியவற்றால் "இறந்து எழும் தெய்வம்" என்ற வகை புகழ்பெற்றது. ஜோனத்தன் இசட். ஸ்மித் 1987இல் அப்படி ஒரு வகையே பொருந்தாது என்றார். சுவீடனின் டிரிக்வே மெட்டிங்கர் 2001இல் மறுபடி ஆராய்ந்து, கானானியத் தெய்வம் பாகால், துமுசி போன்ற சிலருக்கு அது பொருந்தும் என்றார். ஆனால் இயேசுவின் உயிர்த்தெழுதல் அவற்றிலிருந்து கட்டப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என்றும் சேர்த்தே சொன்னார். இவர்களில் ஒருவரை மட்டும் மேற்கோள் காட்டி முடித்துக்கொள்ளும் கட்டுரையை நம்பாதீர்கள்.

"மூன்று நாள்" என்பதற்கு மிகப் பழைய வாசகம் தேடுபவர்கள் சுமேரியத் தேவி இனன்னாவின் பாதாளப் பயணத்தைப் படிக்க வேண்டும். கி.மு. 2ஆம் ஆயிரத்தின் முற்பகுதிக் களிமண் பலகைகள் அவை. தேவியின் பிணம் கொக்கியில் தொங்குகிறது. மூன்று பகல் மூன்று இரவு கழிந்ததும் பணிப்பெண் உதவி தேடிப் போகிறாள். உயிர் தரும் உணவும் நீரும் தெளிக்க இனன்னா எழுகிறாள். ஒப்புமை வலுவானது, பழமையானது. ஆயினும் பவுல் தன் "மூன்றாம் நாள்" வேதவாக்கியங்களின்படி என்கிறார். அவருடைய வேதத்தில் ஓசியா 6:2 "மூன்றாம் நாளில் நம்மை எழுப்புவார்" என்று இருக்கிறது. கையருகே இருக்கும் நூலில் விடை கிடைக்கும்போது தொலைவில் இருப்பதை மூலமாக்க கூடுதல் சான்று தேவைப்படும்.

அருகில் இருக்கும் மூலம்

இந்தச் சோதனையைத்தான் பெரும்பாலோர் செய்வதே இல்லை. கிருஷ்ணர் கதையில் வைத்துப் பாருங்கள். "கன்னிக்குப் பிறந்தார், சிலுவையில் அறையப்பட்டார்" என்ற இரண்டும் நம்மில் பலருக்கே சிரமமில்லாமல் தெரியும் பிழைகள். தேவகிக்கு அவர் எட்டாவது பிள்ளை. ஜரா என்ற வேடனின் அம்பு காலில் தைத்து உடலைவிடுகிறார். பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம், வசுதேவரின் மனத்திலிருந்து தேவகிக்குத் தெய்வம் சென்றதாகச் சொல்வதை நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள்; அது வியப்பான கருத்தரிப்பு, கன்னிப் பிறப்பு அல்ல. பெயர் ஒலிப்பை வைத்து வரும் வாதமும் நிற்காது. கிருஷ்ண என்றால் கரியவர். கிறிஸ்து என்பது "அபிஷேகம் செய்யப்பட்டவர்" என்ற கிரேக்கச் சொல், மேசியா என்ற எபிரேயச் சொல்லின் மொழிபெயர்ப்பு.

கம்சனும், மத்தேயுவில் வரும் ஏரோது அரசனும் குழந்தைகளைக் கொல்வது மட்டும் மேலோட்டமான ஒப்புமை அல்ல. கம்சவதம் பதஞ்சலியின் இலக்கண உரையான மகாபாஷ்யத்திலேயே, கி.மு. 2ஆம் நூற்றாண்டில், வருகிறது. ஆனால் மத்தேயு எதைப் பார்த்து எழுதுகிறார்? யாத்திராகமத்தில் பார்வோன் எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான், மோசே தப்புகிறார். மத்தேயுவில் குடும்பம் எகிப்துக்கே ஓடுகிறது. திரும்பும்போது "பிராணனை வாங்கத் தேடினவர்கள் இறந்துபோனார்கள்" என்று மோசேக்குச் சொன்ன வாசகம் ஏறக்குறைய அப்படியே வருகிறது. வாசகமே ஒத்துப்போகும் இடம் இருக்கும்போது, கரு மட்டும் ஒத்துப்போகும் இடம் இரண்டாம் நிலைக்குப் போகிறது. ஆபத்தில் பிறந்து தப்பும் அரசக் குழந்தை அக்காதின் சார்கோன் கதையிலும், கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் பாரசீக அரசர் கோரேசின் கதையிலும், ரோமுலஸ் கதையிலும் உண்டு என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். 12 சீடர்களுக்கு இஸ்ரவேலின் 12 கோத்திரங்கள், கன்னிக்கு ஏசாயா 7:14இன் கிரேக்க மொழிபெயர்ப்பு என்று மற்ற வரிகளுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். அந்த ஏசாயா வசனத்தில் எபிரேயச் சொல் இளம்பெண் என்றும், கிரேக்கச் சொல் கன்னி என்றும் பொருள் தரும்.

படச் சான்றுக்கு ஒரு எச்சரிக்கை. சிலுவையில் ஒரு மனிதன், கீழே "ஓர்ஃபியோஸ் பாக்கிகோஸ்" என்ற எழுத்து (பாக்கஸ் என்பது டயோனிசஸின் இன்னொரு பெயர்): இந்தச் சிறு கல் முத்திரை டயோனிசஸ் சிலுவையில் அறையப்பட்டதற்குச் சான்றாக ஓயாமல் வரும். பெர்லினில் இருந்த அது இரண்டாம் உலகப் போரில் தொலைந்துவிட்டது. உண்மையானது என்று கொண்டாலும் காலம் கி.பி. 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டு. போலி என்று சொன்ன அறிஞர்களும் உண்டு.

மீதமிருப்பதை எழுதும் விதம்

முடிவுக் கட்டத்துக்கு நான்கு சொற்கள் போதும்: மூலம் இல்லை, மூலம் பிந்தியது, கரு மட்டும் பொது, நெருக்கமானது. "நெருக்கமானது" என்று வந்தால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போங்கள்: இந்த மக்கள் அந்தக் கதையைக் கேட்டிருக்கக்கூடிய இடமும் மொழியும் எது?

அதற்குக் கானா ஊர்க் கல்யாணத்தை முழுதாகச் செய்து பார்க்கலாம். யோவான் 2இல் ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். இன்றைய அளவில் ஒரு சாடிக்கு ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர். நீர் திராட்சரசமாகிறது. டயோனிசஸ் பக்கத்தில் யூரிப்பிடிஸின் நாடகம் (கி.மு. 405) ஒன்றில் அவருடைய அடியார் தரையைத் தட்டத் திராட்சரசம் ஊறுகிறது. ஆண்ட்ரோஸ் தீவில் ஜனவரி 5 அன்று கோயில் ஊற்று திராட்சரசச் சுவை கொள்ளும் என்று 1ஆம் நூற்றாண்டின் ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். எலிஸ் நகரில் மூன்று காலிப் பாத்திரங்களை முத்திரையிட்டு வைத்தால் மறுநாள் திராட்சரசம் நிறைந்திருக்கும் என்று 2ஆம் நூற்றாண்டின் பௌசானியஸ் எழுதுகிறார். கூர்ந்து பார்த்தால் மூன்றிலும் நீர் திராட்சரசமாக மாறுவதில்லை என்றே சொல்ல வேண்டும். ஊற்றின் சுவை ஓரளவு அருகில் வருகிறது. வழி இருந்ததா என்றால், இருந்தது: கலிலேயாவுக்குத் தெற்கே உள்ள ஸ்கித்தோபோலிஸ் நகரை நிறுவியவரே டயோனிசஸ் என்று பிளினி பதிவுசெய்த மரபு உண்டு, யோவான் எழுதிய மொழியும் கிரேக்கம். எதிர்ப்பக்கத்தில், சாடிகள் யூதச் சுத்திகரிப்புக்கானவை. மலைகள் திராட்சரசம் பொழியும் என்ற வாக்கு ஆமோஸ் 9:13இல் இருக்கிறது. வரியை இப்படி முடிக்கலாம்: "நெருக்கமானது, கிறிஸ்தவத்துக்கு முந்தியது, கேட்டிருக்க வழி உண்டு, வாசகம் ஒத்துப்போகவில்லை, யூத மூலமும் உண்டு."

அப்படியே கடைசியில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டியலிலும் அதைப் பார்ப்பது அரிது. பிரியேன் நகரில் கிடைத்த கி.மு. 9ஆம் ஆண்டுக் கிரேக்கக் கல்வெட்டு, பேரரசர் அகஸ்தஸை மீட்பர் என்கிறது, அந்தத் தெய்வத்தின் பிறந்தநாள் உலகுக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்கிறது. மாற்கு தன் நூலின் முதல் வரியில் பயன்படுத்தும் "நற்செய்தி" என்ற சொல்லே அங்கே பன்மையில் செதுக்கப்பட்டிருக்கிறது. மூலம் கல்லில், காலம் உறுதி, மொழி ஒன்று, நிலம் பவுல் நடந்த ரோமின் ஆசியா மாகாணம் (இன்றைய மேற்குத் துருக்கி). ஆறு கட்டங்களும் நிரம்பும் வரி அது.